போர்ட் லூயிஸில் கொட்டும் மழை நாளில் குழாயில் தண்ணீர் வராதது ஏன்?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து வேலை நிமித்தம் மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். கைலாசன் கோயில் பக்கம் வாடகை வீடு. எந்நேரமும் மழை பெய்யும் தீவு என்று கேள்விப்பட்டு வந்த இடத்தில் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வருகிறது. அதைவிட வேடிக்கை, போன வாரம் இரண்டு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. "தீவில் தண்ணீர் இல்லையா, அல்லது இருப்பதைக் கொடுக்கத் தெரியவில்லையா? நம்மூர் ஏரி, கண்மாய் மாதிரி வெட்டி வைத்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் கோபம் இருந்தாலும் நியாயமான கேள்வி. பெய்கிற மழைக்கும் உங்கள் குழாய்க்கும் நடுவில் தண்ணீர் எங்கெங்கே கைவிட்டுப் போகிறது என்பதைத்தான் உண்மையில் கேட்கிறீர்கள். சிவில் படித்துவிட்டு தண்ணீர்க் குழாய் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் நான், அதில் பெரும்பகுதி இந்தத் தீவில். அதனால் குழாய் பற்றி உறுதியாகப் பேசுவேன். மழை பற்றியும் அரசியல் பற்றியும் அந்த அளவுக்கு இல்லை.

முதலில் மழைக் கணக்கு. தீவின் பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர், ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 370 கோடி கன மீட்டர் தண்ணீர் வானத்திலிருந்து விழுகிறது. இதில் சுமார் 60 சதவீதம் ஆறாக ஓடிக் கடலுக்குப் போகிறது, 30 சதவீதம் ஆவியாகிறது, மீதி 10 சதவீதம்தான் நிலத்தடியில் இறங்குகிறது. ஆனால் சராசரி என்பது இங்கே ஏமாற்று வேலை. நடுவில் இருக்கும் மேட்டுநிலத்தில் 4,000 மில்லிமீட்டர் வரை பெய்யும். மேற்குக் கரையில் 1,000கூடத் தேறாது. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தையெல்லாம் மேட்டில் இறக்கிவிட்டு மலையைத் தாண்டும்போது வெறுங்கையோடு வருகிறது. போர்ட் லூயிஸ் இருப்பது மோகா மலைத்தொடருக்கு இந்தப் பக்கம், மழை மறைவில். கியூர்பிப்பில் குடையில்லாமல் வெளியே போக முடியாத நாளில் இங்கே வேர்த்துக் கொட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக மழை பெய்யும் ஊர் கியூர்பிப். நீங்கள் இப்போது இருக்கும் போர்ட் லூயிஸ், மதுரையைவிடப் பிரமாதமாக ஈரமான ஊர் இல்லை.

சரி, மேட்டில் பெய்வதைப் பிடித்து வைத்துக் கீழே கொண்டுவரலாமே? அங்கேதான் நிலத்தின் சாய்வு இடைஞ்சல் செய்கிறது. இந்தத் தீவின் ஆறுகள் எல்லாம் குட்டையானவை, செங்குத்தானவை. மேட்டில் பெய்த மழை சில மணி நேரத்தில் கடலைத் தொட்டுவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பெரும்பகுதி மழை, அதிலும் ஒரு சில புயல் நாட்களில் மொத்தமாக. அந்த நாட்களில் பிடித்து வைக்கும் இடம் இருந்தால்தான் அக்டோபர் வரை தாக்குப்பிடிக்க முடியும். தீவின் மிகப் பெரிய தேக்கமான மார் ஓ வாக்வா சுமார் 2.59 கோடி கன மீட்டர் கொள்ளும். மிட்லண்ட்ஸ் அணை 2.55 கோடி. பகாத்தெல் 1.4 கோடி. லா ஃபெர்ம், லா நிக்கோலியேர் என்று மற்றவற்றையும் சேர்த்தால் குடிநீருக்கும் பாசனத்துக்குமான தேக்கங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தாலும் 9 கோடியை ஒட்டித்தான் வரும். 370 கோடி பெய்து 9 கோடி பிடிக்கிறோம். தேக்கங்கள் ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் நிரம்பி இறங்கும் என்பதால் இது அப்படியே ஒப்பிடத்தக்க கணக்கு இல்லை. ஆனாலும் நிலைமை புரிய இது போதும்.

போர்ட் லூயிஸ் விஷயம் இன்னும் மோசம். இந்த ஊர் தன் தண்ணீரைத் தேக்கி வைத்துக் குடித்த ஊரே இல்லை. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லாபூர்தொனே துறைமுகம் கட்டியபோதே கிராண்ட் ரிவர் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித்தான் ஊருக்கும் கப்பல்களுக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக் கல்வேலைகளில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கொத்தனார்களின் கை இருந்தது. (கோயில் திருவிழாவில் பெருமையாகப் பேசிக்கொள்ளலாம், மறுப்பார் யாருமில்லை.) 1866 முதல் 1868 வரை மலேரியா வந்து ஊரைச் சூறையாடியபோது வசதியுள்ளவர்கள் மேட்டுக்கு ஏறிப் போனார்கள். கியூர்பிப் பக்கம் வளர்ந்தது அப்போதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய தேக்கம் அந்த மேட்டில் அமைந்தது. அதன் தண்ணீர் லா மாரி சுத்திகரிப்பு நிலையம் வழியாக மேட்டு ஊர்களுக்குப் போகிறது. கீழே தலைநகரம் பழையபடி ஆற்றையே நம்பிக்கொண்டிருந்தது. இன்றும் ஊரின் முக்கிய நீர்மூலங்களில் ஒன்று கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் ஆற்றின் குறுக்கே இருக்கும் முனிசிபல் டைக் என்ற தடுப்பணை. அங்கிருந்து பாய் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீர் போகிறது. தடுப்பணைதான், தேக்கம் இல்லை. அன்றைக்கு ஆற்றில் என்ன ஓடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இது தவிர போர்வெல்கள் உண்டு. தீவு முழுக்கப் பார்த்தால் வீட்டுக் குழாயில் வருவதில் ஏறக்குறைய பாதி நிலத்தடி நீர்.

இப்போது உங்கள் மழை நாள் புதிருக்கு வரலாம். கனமழையில் ஆறு மண்ணை வாரிக்கொண்டு வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தத் தண்ணீரை எடுத்து ஆறு கண்ணாடிக் குடுவைகளில் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம் விட்டு, சின்னத் துடுப்புகளால் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கிவிட்டு, அசையாமல் விடுவார்கள். எந்தக் குடுவையில் மண் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கி மேலே தெளிகிறதோ, அந்த அளவைத்தான் நிலையம் முழுவதற்கும் போடுவார்கள். சாதாரண நாளில் பழுப்பு மறைந்து பத்திருபது நிமிடத்தில் தெளிந்துவிடும். புயல் நாளில் ஆறு குடுவையும் டீ நிறத்தில் அப்படியே நிற்கும். படிகாரத்தைக் கூட்டினால் தண்ணீரின் காரத்தன்மை தீர்ந்துபோய் மண் திரளவே மாட்டேன் என்னும். அதை மீறி உள்ளே விட்டால் மணல் வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், கழுவிக் கழுவி மாளாது. அதைவிடப் பெரிய ஆபத்து குளோரின் வேலை செய்யாமல் போவது. மண் துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். கலங்கல் அலகு ஐந்துக்குக் கீழே, முடிந்தால் ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் குளோரினை நம்ப முடியும். மழை வெள்ளத்தில் மலையாற்றின் கலங்கல் ஆயிரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆகவே நிலையத்தை நிறுத்துகிறார்கள். வானொலியில் அறிவிப்பும் கொடுக்கிறார்கள், ஆனால் பிரெஞ்சிலும் கிரியோலிலும் என்பதால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மக்கள் திட்டினாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் நிலையத்துக்காரர்கள் பக்கம். சேற்றுத் தண்ணீரை விடுவதைவிட விடாமல் இருப்பதே சரி.

இந்தச் சங்கடத்துக்காகத்தான் பகாத்தெல் அணை கட்டப்பட்டது. போர்ட் லூயிஸுக்கும் அதை ஒட்டிய கீழ் பிளேன் வில்லெம் பகுதிக்கும் ஒரு சேமிப்பு இருக்க வேண்டும் என்பது நோக்கம். தேக்கத்தில் நிற்கும் தண்ணீரில் மண் தானாகவே பெரும்பாலும் படிந்துவிடும் என்பது கூடுதல் லாபம். 2011 இறுதியில் தொடங்கிய வேலை சொன்ன காலத்தில் முடியவில்லை, செலவும் எகிறியது. அடித்தளத்தைத் தோண்டத் தோண்ட, மட்கிய பாறை எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய்க்கொண்டே இருந்ததுதான் முக்கியக் காரணம். ஏரி வெட்டக் கூடாதா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பாண்டிய நாட்டில் நிலம் மெல்லச் சரிகிறது. நீளமான மண்கரை ஒன்றைப் போட்டால் ஊர்ப்பரப்புக்குத் தண்ணீர் நிற்கும், கீழே களிமண் தாங்கும், வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். இங்கே எரிமலைப் பாறை. சில இடத்தில் இரும்பு மாதிரி கெட்டி, பக்கத்திலேயே வெடிப்பும் பொந்தும். நிலம் செங்குத்து என்பதால் உயரமான கரைக்குக் குறைவான தண்ணீர்தான் கிடைக்கும். கரைக்கு நல்ல இடம் என்று இருப்பவற்றில் பலவற்றை ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது. தெற்கே ரிவியேர் தெ ஆங்கீயில் ஓர் அணை என்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் திட்டம், ஆனால் அது தென்பகுதிக்கானது. உங்கள் குழாய்க்கு நேரடியாக எதுவும் வராது.

இதுவரை சொன்னது மலையும் மழையும் செய்த வேலை. இனி மனிதன் செய்த வேலை. என் கருத்தில் இதுதான் பெரிய காரணம். சுத்திகரித்துக் குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கும் மேல், சுமார் 60 சதவீதம், கட்டணமாகத் திரும்பி வருவதில்லை. சிங்கப்பூரில் இது பத்துக்கும் கீழே. இந்த 60 முழுவதும் மண்ணுக்குள் ஒழுகுகிறது என்று பத்திரிகைகள் எழுதுவது சரியல்ல. மீட்டர் குறைவாகக் காட்டுவது, திருட்டு இணைப்பு, கணக்கில் வராத பயன்பாடு எல்லாம் இதற்குள் அடக்கம். எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் கடினம், எல்லா ஊரிலும் அது பாதி அளவீடு, பாதி அனுமானம். அது இங்கே கூடுதல் கடினம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் டேங்க்தான் அது.

கசிவை அளக்க உலகம் முழுக்க இருக்கும் எளிய வழி, அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு ஒரு பகுதிக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்ப்பது. ஊர் தூங்கும் நேரம், யாரும் குளிக்க மாட்டார்கள், அப்போதும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் அது ஒழுக்கு. ஆனால் வீட்டுக்கு வீடு மாடியில் டேங்க் இருக்கும் ஊரில், மனிதர்கள் தூங்கினாலும் டேங்குகள் விழித்திருந்து குடித்துக்கொண்டிருக்கும். எது கசிவு, எது டேங்க் நிரம்புவது என்று பிரித்தறிய முடியாது. அது மட்டுமில்லை. டேங்க் நிரம்பப் போகும்போது மிதவை வால்வு பாதி மூடி, தண்ணீர் நூலாக இறங்கும். அவ்வளவு மெல்லிய ஓட்டத்தைப் பழைய மீட்டர் பதிவே செய்யாது. அதுவும் கணக்கில் வராத தண்ணீர்தான். டேங்க் வாங்க அரசே மானியம் கொடுத்தது. மக்களுக்கு உடனடி நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் நோயை அளக்கும் கருவியை அதுவே மழுக்கிவிட்டது.

முறை வைத்துத் தண்ணீர் விடுவது குழாயை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் நின்ற குழாயில் காற்று புகுந்திருக்கும். அடுத்த முறை வால்வைத் திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு வரும். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று சீறி, உதறி, பிறகு பழுப்பாகக் கொஞ்சம் வந்து தெளிகிறதே, அதேதான். அந்த உதறல் தெருவுக்கடியில் இருக்கும் பழைய வார்ப்பிரும்புக் குழாயிலும், ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயிலும், அவற்றின் ஒவ்வொரு இணைப்பிலும் தினம் இரண்டு தடவை விழுகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் நிதானமான அழுத்தத்தில் இருந்தால் இன்னும் பல ஆண்டு தாங்கும் குழாய், இந்த அடியில் விரிசல் விடுகிறது. விரிசல் கூடினால் ஒழுக்கு கூடும். ஒழுக்கு கூடினால் மேட்டுப் பகுதிக்கு ஏற அழுத்தம் இருக்காது. உடனே மணி நேரத்தை இன்னும் குறைக்கிறோம். மேலும் உதறல், மேலும் விரிசல். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய்க்குள் உறிஞ்சல் ஏற்பட்டு வெளியில் தேங்கிய சாக்கடை நீரை உள்ளே இழுக்கும் அபாயமும் இருக்கிறது. போர்ட் லூயிஸில் மலைச்சரிவில் ஏறிப் போகும் குடியிருப்புகள் அதிகம் என்பதால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பள்ளத்தில் இருப்பவன் டேங்க் வழிகிறது, மேட்டில் இருப்பவன் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறான்.

பழைய குழாயை எடுத்துவிட்டு டக்டைல் இரும்பும் (எளிதில் உடையாத இரும்பு வகை) எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக்) குழாயும் பதிக்கும் வேலை தொடர்ந்து நடக்கிறது. நல்லதுதான். ஆனால் புதிய குழாய் போட்டதும் அழுத்தம் கூடி, பக்கத்துத் தெருவின் பழைய குழாய் உடையும். இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. பகுதி பகுதியாகப் பிரித்து, அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்து, மீட்டர் பொருத்தி, அதற்குப் பிறகு குழாய் மாற்றுவதுதான் முறை. அணை கட்டினால் திறப்பு விழா உண்டு, அழுத்த வால்வுக்கு யார் நாடா வெட்டுவார்கள்? என்னைக் கேட்டால் 60ஐ 40ஆகக் குறைப்பது இன்னொரு பகாத்தெல்லைவிட மலிவு, வேகமும் கூட. இது என் தொழில் அனுபவத்திலிருந்து வரும் கருத்து, எல்லாப் பொறியாளர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்றில்லை. சேமிப்பு இல்லாமல் வறட்சியைத் தாண்ட முடியாது என்பார்கள், அதிலும் நியாயம் உண்டு.

தண்ணீரை வைத்திருப்பவர் யார் என்ற சங்கதி ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தீவின் நீர்ப் பயன்பாட்டில் பெரும்பங்கு விவசாயத்துக்கு, அதாவது பெரும்பாலும் கரும்புக்குப் போய்வந்தது. 1863ஆம் ஆண்டின் ஆறு, கால்வாய்ச் சட்டம் இன்னும் செல்லும். அதன்கீழ் ஆற்று நீரில் தனியார் உரிமைகள் இருக்கின்றன, பல பழைய கரும்பு எஸ்டேட்டுகளோடு சேர்ந்தவை. கரும்பு நிலம் குறைந்துகொண்டு வருகிறது. அந்த உரிமை நீர் தானாக ஊருக்கு வந்துவிடுமா என்றால் சட்டப்படி அப்படி இல்லை. நிலத்தடி நீருக்கும் எல்லை உண்டு. கரையோரப் போர்வெல்லில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு ஏறும், ஏறிய உப்பு லேசில் இறங்காது. மத்திய நீர் ஆணையத்தை, அதாவது 1971இல் அமைந்த சி.டபிள்யூ.ஏ.வை, தனியார் நிறுவனம் ஒன்றிடம் நடத்தக் கொடுக்கலாமா என்று சில ஆண்டுகளுக்கு முன் பெரிய சர்ச்சை நடந்தது. அதில் நான் கருத்துச் சொல்லவில்லை. யார் நடத்தினாலும் குழாய் அதே குழாய்தான்.

பருவநிலை மாற்றம் காரணமா என்று கீழே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். 1950களோடு ஒப்பிட்டால் ஆண்டு மழை சுமார் 8 சதவீதம் குறைந்திருப்பதாகவும், கோடை மழை (இங்கே கோடை நவம்பரில் தொடங்கும்) தொடங்குவது தள்ளிப்போவதாகவும் வானிலைத் துறை சொல்கிறது. குறைவைவிடத் தள்ளிப்போவதுதான் எங்களுக்குத் தலைவலி, ஏனென்றால் தேக்கங்கள் அக்டோபரிலேயே தரைதட்டத் தொடங்கிவிடும். 1998–99 வறட்சியும் 2011 வறட்சியும் நன்றாகவே காட்டிக்கொடுத்தன. மறுபக்கம், 2013 மார்ச் 30 அன்று இதே போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலில் ஊர் மறுபடி மூழ்கியது. ஒரே ஒரு புயலைக் காட்டி இது பருவநிலை மாற்றம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. கணக்குப் போடுகிறவர்கள் சொல்லட்டும். ஆனால் தினசரித் தட்டுப்பாட்டுக்கு வானத்தின் மேல் பழி போடுவதை ஒப்ப மாட்டேன், வானம் சரியாக இருந்த ஆண்டுகளிலும் முறை வைத்துத்தான் விட்டார்கள்.

கடைசியில் உங்களுக்குப் பயன்படும் நாலு வார்த்தை. குழாயில் வருவது குளோரின் போட்ட தண்ணீர், வழக்கமான நாளில் எங்கள் வீட்டில் அப்படியே குடிக்கிறோம். கனமழைக்குப் பிறகு தண்ணீர் திரும்ப வரும் முதல் நாள் மட்டும் கலங்கல் போகும்வரை திறந்துவிட்டு, பிறகு பிடித்துக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். குழந்தைகளுக்கு இதில் சலுகையே வேண்டாம். நான்கு பேருக்கு 1,000 லிட்டர் டேங்க் இரண்டு நாள் தாங்கும், சிக்கனமாக இருந்தால் மூன்று. டேங்கைப் புயல் காலத்துக்கு முன் ஒருமுறை கழுவச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அடியில் படிந்திருக்கும் வண்டலைப் பார்த்தால் ஏன் என்று புரியும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். பிடித்து வைக்கும் டிரம், வாளிக்கும் அதேதான். 2009இலும் 2024இலும் டெங்கு வந்த தீவு இது, வீட்டுச் சேமிப்பு கொசுவுக்கு நல்ல இடம். தனி மோட்டார் வைத்துத் தெருக்குழாயிலிருந்து நேராக உறிஞ்சாதீர்கள், மேலே இருக்கும் வீட்டுக்கு வருவதும் நின்றுவிடும், சாக்கடையை உள்ளே இழுக்கவும் வழியாகும். இன்னொன்று: இரவு டேங்க் நிரம்பியதும் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் ஒழுக்கு உங்கள் பக்கம், பெரும்பாலும் மிதவை வால்வின் வாஷர்தான். குழாய்க்காரரைக் கூப்பிட்டால் உடனே மாற்றிக் கொடுத்துவிடுவார். முள் நகராமல் வாசலில் மட்டும் ஈரம் இருந்தால் அது மீட்டருக்கு முன்னால் உள்ள ஒழுக்கு, ஆணையம் சரிசெய்ய வேண்டியது. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் ஆள் வராவிட்டால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கூப்பிடுங்கள்.